செவ்வாய சூடாக்க முடியும்னு ஒரு பேப்பர், முடியாதுன்னு ஒரு பேப்பர், எத நம்புறது?

இரவுப்பறவை

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளா இந்த டெராஃபார்மிங், அதாவது வேற ஒரு கிரகத்த பூமி மாதிரி வாழுற எடமா மாத்துறது பத்தி கிடைக்கிறதெல்லாம் படிச்சுட்டு இருக்கேன், ஒரு இடத்துல நல்லா சிக்கிக்கிட்டேன், விஷயம் தெரிஞ்சவங்க இங்க இருக்கீங்க அதனால கேக்குறேன்.

2018ல நேச்சர் அஸ்ட்ரானமில ப்ரூஸ் ஜகோஸ்கி, கிறிஸ்டஃபர் எட்வர்ட்ஸ் ரெண்டு பேரும் எழுதுன பேப்பர்ல, இப்ப நம்ம கைல இருக்குற டெக்னாலஜிய வச்சு செவ்வாய மாத்தவே முடியாது, அதுக்கு வேணுங்கிற கார்பன் டை ஆக்சைடு அங்க இல்லவே இல்லன்னு அடிச்சு சொல்லிட்டாங்க. சரி கத முடிஞ்சுதுன்னு பாத்தா 2024 ஆகஸ்ட்ல சயின்ஸ் அட்வான்சஸ்ல சமானே அன்சாரி, எட்வின் கைட் எல்லாம் சேந்து இன்னொரு பேப்பர் போட்டிருக்காங்க, செவ்வாய் மண்ணுல இருக்குற இரும்பு அலுமினியத்த எடுத்து 9 மைக்ரோமீட்டர் நீளத்துக்கு பொடிக் கம்பியா பண்ணி காத்துல விட்டுட்டே இருந்தா கிரகம் மொத்தமும் 30 டிகிரிக்கு மேல சூடாகும்னு, அதுவும் பழைய ஐடியாக்கள விட 5,000 மடங்கு எஃபிஷியன்ட்னு.

ரெண்டுமே நல்ல ஜர்னல், ரெண்டு டீமும் இதுலயே ஊறுனவங்க. அப்ப யார் சொல்றது சரி? சூடு 30 டிகிரி ஏறிட்டா மத்ததெல்லாம் தானா நடந்துருமா, இல்ல நான் எதையோ விட்டுட்டேனா? யாராச்சும் கணக்கோட சொன்னா ரொம்ப நல்லா இருக்கும், யூடியூப் வீடியோல எல்லாம் படம் மட்டும் தான் அழகா இருக்கு.


நாஞ்சில்_வானம்

சகோ, ரெண்டு பேப்பரும் சரி தான், ஏன்னா ரெண்டும் வேற வேற கேள்விக்கு பதில் சொல்லுது. கைட் டீம் பேசுறது டெம்பரேச்சர். ஜகோஸ்கி பேசுறது பிரஷர். நம்ம ஆளுங்க எல்லாரும் செவ்வாய்னா குளிரு குளிருன்னு குளிர மட்டும் பேசிட்டு இருக்கோம், ஆனா அங்க ஆள உடனே கொல்றது குளிர் கெடயாது, காத்தழுத்தம் இல்லாதது தான்.

செவ்வாய்ல சராசரி அழுத்தம் 6 மில்லிபார். நமக்கு கடல் மட்டத்துல 1,013. இந்த 6 மில்லிபார்ங்கிறது என்ன மாதிரி நம்பர்னா, தண்ணி உறையுறதும் கொதிக்கிறதும் கிட்டத்தட்ட ஒரே டெம்பரேச்சர்ல, பூஜ்யம் டிகிரி பக்கத்துல நடக்குற இடம் அது. நீங்க ஒரு ஐஸ் கட்டிய அங்க வச்சு சூடாக்குனா தண்ணியா நிக்கிறதுக்கு அதுக்கு எடமே இல்ல, நேரா ஆவி தான். தென் பகுதில ஹெல்லாஸ்னு ஒரு பெரிய பள்ளம் இருக்கு, 7 கிலோமீட்டர் ஆழம், அதோட அடில அழுத்தம் 12 மில்லிபார் கிட்ட இருக்கும், அங்க கூட 10 டிகிரில தண்ணி கொதிச்சுரும். மனுஷ உடம்புக்கு வந்தா இன்னும் மோசம், 63 மில்லிபாருக்கு கீழ போனா நம்ம உடம்பு சூட்டுலயே, அதாவது 37 டிகிரிலயே தண்ணி கொதிக்கும், நாக்குல இருக்குற எச்சி, கண்ணு ஈரம் எல்லாம். அதனால வெளில 25 டிகிரி வெயில் அடிச்சாலும் பிரஷர் சூட் இல்லாம நீங்க கதவ தெறக்க முடியாது.

இப்ப ஜகோஸ்கி கணக்குக்கு வருவோம். அவங்க பண்ணது புதுசா ஒரு மெஷின் ஐடியா எதுவும் இல்ல, சுத்தி வந்த விண்கலங்கள் 20 வருஷமா சேத்த டேட்டாவ வச்சு எங்கெங்க எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு இருக்குன்னு ஸ்டாக் எடுத்தாங்க. துருவத்துல உறைஞ்சு கெடக்குற கார்பன் டை ஆக்சைடு பனிய மொத்தமா ஆவியாக்குனா அழுத்தம் ரெண்டு மடங்கு சொச்சம் ஆகும், 15 மில்லிபார். மண்ணுத் துகள்ல ஒட்டிட்டு இருக்குற வாயுவ எல்லாம் சூடாக்கி வெளிய எடுத்தா அதிகபட்சம் 40 மில்லிபார், அதுக்கு கிரகத்தோட மேல் மண்ண 100 மீட்டர் ஆழத்துக்கு வறுக்கணும். கார்பனேட் பாறைங்கள உடைச்சா இன்னும் கொஞ்சம். ஈசியா கைக்கு எட்டுறது மட்டும்னா 20 மில்லிபாருக்குள்ள நின்னுருது. மஸ்க் 2015ல ஒரு டிவி ஷோல துருவத்துல அணுகுண்டு போடலாம்னு சொன்னாருல்ல, அந்த குண்டு என்ன தான் வேல செஞ்சாலும் அங்க இருக்குற சரக்கே இவ்வளவு தான், இல்லாத வாயுவ குண்டு உண்டாக்காது.

அப்ப கைட் டீம் என்ன தான் பண்ணுதுன்னு கேட்டா, அந்த பொடிக் கம்பி தரைலேருந்து மேல தப்பிச்சு போற வெப்பத்த பிடிச்சு திரும்ப கீழயே அனுப்புது, சூரிய வெளிச்சத்த மட்டும் உள்ள விடுது. நொடிக்கு 30 லிட்டர் விடணும்னு போட்டிருக்காங்க. கேக்க சின்னதா இருக்கு, வருஷத்துக்கு பெருக்கிப் பாருங்க, 9 லட்சம் கன மீட்டருக்கு மேல போகும், அலுமினியமா வச்சா கிட்டத்தட்ட 25 லட்சம் டன், இந்தியா ஒரு வருஷத்துல உருக்குற மொத்த அலுமினியத்துல பாதிக்கு மேல. இத விட்டா வேற வழியே இல்லாத அளவுக்கு பழைய ஐடியா மோசமா இருந்துச்சு, 1991ல மெக்கே, டூன், காஸ்டிங் எழுதுன நேச்சர் கட்டுரைல எல்லாம் குளோரோஃபுளோரோகார்பன் மாதிரி வாயு பத்தி தான் பேச்சு, அதுக்கு தேவையான ஃபுளோரின் அங்க ரொம்ப கம்மி, பூமிலேருந்து கொண்டு போறது நடக்குற காரியமா.

அதனால கைட் பேப்பர் உண்மையிலயே பெரிய முன்னேற்றம், மறுக்கவே முடியாது. ஆனா அதுல அவங்களே தெளிவா சொல்ற விஷயம், இது நுண்ணுயிருக்கு ஏத்த சூட்டுக்கு ஒரு மொதல் படி, மனுஷன் மூச்சு விடுற காத்துக்கு இது போதாது. செய்தி போடுறவங்க தான் அந்த வரிய முழுங்கிட்டு தலைப்பு வைக்கிறாங்க.


வேதி_மாணவி

எனக்கும் ஒரு டவுட் அண்ணா. நீங்க எப்படியோ வாயு கொண்டு வந்துட்டீங்கன்னே வச்சுக்குவோம், செவ்வாய்க்கு தான் காந்தப்புலம் இல்லையே, சூரியக் காத்து, அதாவது சூரியன்லேருந்து பாயுற மின்னூட்டத் துகள்கள், அடிச்சு எல்லாத்தையும் வாரிட்டு போயிரும்ல? முதல்ல காந்தப்புலம் உண்டாக்கணும் அப்புறம் தான் மத்தது எல்லாம்னு தான் நிறைய இடத்துல படிச்சேன். நாசால ஜிம் கிரீன் கூட 2017ல ஒரு கூட்டத்துல செவ்வாய்க்கும் சூரியனுக்கும் நடுவுல எல்1 பாயின்ட்ல, அதாவது ரெண்டுக்கும் இடைல ஒரு பொருள் நிலையா நிக்கக்கூடிய எடத்துல, ஒரு பெரிய காந்தக் கவசம் வைக்கலாம்னு சொன்னாரே.


தென்துருவம்

இந்த காந்தப்புல விஷயம் எங்க பேச்சு வந்தாலும் மொத ஆளா வந்து நிக்குது, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்மா.

வாயு போச்சுங்கிறது உண்மை. செவ்வாயோட உள்ள இருந்த டைனமோ, அதாவது காந்தப்புலத்த உண்டாக்குற உருகுன உலோக ஓட்டம், ஏறக்குறைய 400 கோடி வருஷத்துக்கு முன்னாடியே நின்னுருச்சு. நாசாவோட மேவன் விண்கலம் 2014 செப்டம்பர்ல போய் சேந்து அளந்து பாத்துச்சு, இப்பவும் நொடிக்கு 100 கிராம் அளவுல வாயு வெளில போறதா 2015ல சொன்னாங்க. 2017ல ஆர்கான் வச்சு இன்னொரு கணக்கு, ஆர்கான் யார் கூடவும் சேராத வாயு, பாறைல போய் ஒளிஞ்சுக்காது, அதனால அது காணோம்னா வானத்துக்கு தான் போயிருக்கணும், அப்படி பாத்தா இருந்த ஆர்கான்ல 65 சதவீதம் போயிருச்சு. இந்த எடத்துல நம்ம மங்கள்யான பத்தியும் சொல்லணும், மேவன் போய் ரெண்டே நாள்ல, 2014 செப்டம்பர் 24, அதுவும் சுத்துப்பாதைக்குள்ள போச்சு, அதுல இருந்த மென்கா கருவி இதே மேல் வாயுமண்டலத்துல ஆர்கான் எதிர்பாத்தத விட வேகமா, சூடா திரியுறத பாத்து சொல்லுச்சு. ப்ராஜெக்ட் டைரக்டர் சுப்பையா அருணன் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர். சின்ன கருவிங்க தான், மொத்தக் கருவிகளும் சேத்து 15 கிலோ கிட்ட தான், ஆனா இந்த டெராஃபார்மிங் பேச்சுக்கு நேரா சம்பந்தப்பட்ட அளவீடு அது, நம்ம ஊர்ல யாரும் அத எடுத்து சொல்றதில்லன்னு எனக்கு எப்பவும் வருத்தம் உண்டு.

சரி இப்ப கணக்கு. நொடிக்கு 100 கிராம்னா வருஷத்துக்கு 3,000 டன் சொச்சம். பிற்பாடு வந்த மதிப்பீடுங்க மாதிரி நொடிக்கு 2, 3 கிலோன்னே வச்சாலும் வருஷத்துக்கு ஒரு லட்சம் டன்னுக்குள்ள தான். செவ்வாய்ல இன்னைக்கு இருக்குற மெல்லிசு காத்தே 25 லட்சம் கோடி டன். பத்து லட்சம் வருஷம் விட்டா கூட அதுல ஒரு சதவீதம் போகாது. நாம காத்து சேக்குற வேகத்துல ஒருத்தன் சேத்தான்னா இந்த கசிவு அவனுக்கு கணக்குலயே வராது. இன்னொண்ணு யோசிச்சு பாரு, வெள்ளி கிரகத்துக்கும் சொந்தமா காந்தப்புலம் கெடயாது, சூரியனுக்கு நம்மள விட கிட்ட வேற இருக்கு, ஆனா அங்க காத்தழுத்தம் நம்மள மாதிரி 90 மடங்குக்கு மேல.

கதிர்வீச்சுக்கும் காந்தப்புலத்த விட காத்து தான் முக்கியம். பூமில ஒவ்வொரு சதுர மீட்டர் மேலயும் 10 டன் காத்து உக்காந்திருக்கு, செவ்வாய்ல அது 165 கிலோ தான். அதனால தான் கியூரியாசிட்டி ரோவர் தரைல ஒரு நாளைக்கு 0.67 மில்லிசீவர்ட் (உடம்புல ஏறுற கதிர்வீச்சோட அளவு) அளந்துச்சு, நமக்கு இங்க வருஷம் பூரா இயற்கையா கிடைக்கிறதே 2.4 தான். காத்து தடிச்சா இது தானா கொறையும். ஜிம் கிரீன் ஐடியா நல்ல ஐடியா, ஆனா அது முதல் வேல கெடயாது, கடைசி வேல.


இரவுப்பறவை

அருமை, ரெண்டு பேருக்கும் நன்றி. எனக்கு டெம்பரேச்சரும் பிரஷரும் தனித்தனின்னு இப்ப தான் மண்டைல ஏறுது. அடுத்த கேள்வி, ஆக்சிஜன். பெர்சவரன்ஸ் ரோவர்ல மாக்ஸின்னு ஒரு பெட்டி வச்சு ஆக்சிஜன் எடுத்துட்டாங்களே, அத பெரிசா கட்டுனா போதாதா? இல்ல பாசி மாதிரி எதையாவது விட்டு பூமில நடந்த மாதிரி நடக்க விட்டா?


நாஞ்சில்_வானம்

மாக்ஸி எனக்கு ரொம்ப பிடிச்ச கருவி, அத பத்தி யாரும் கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன். கார் பேட்டரி சைஸ் பெட்டி, வெளில இருக்குற கார்பன் டை ஆக்சைட உறிஞ்சி 800 டிகிரிக்கு சூடாக்கி மின்சாரத்தால ஆக்சிஜன தனியா பிரிக்கும். 2021 ஏப்ரல் 20ல மொத தடவ 5.4 கிராம் எடுத்துச்சு, மனுஷன் வேற ஒரு கிரகத்துல ஆக்சிஜன் தயாரிச்சது அன்னைக்கு தான் முதல் முறை, ஒரு ஆளுக்கு பத்து நிமிஷ மூச்சு. 2023 செப்டம்பர் வரைக்கும் 16 தடவ ஓட்டி மொத்தம் 122 கிராம். உச்ச வேகம் மணிக்கு 12 கிராம்.

அந்த உச்ச வேகத்துல வருஷம் பூரா நிறுத்தாம ஓடுனாலும் 105 கிலோ. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோவுக்கு மேல ஆக்சிஜன் வேணும், வருஷத்துக்கு 300 கிலோ. ஆக ஒரு மனுஷனுக்கு மூணு மாக்ஸி. இது மோசமான கணக்கே இல்ல, நல்ல கணக்கு! ஒரு கூடாரத்துக்குள்ள ஆறு பேர், திரும்பி வர்ற ராக்கெட்டுக்கு ஆக்சிஜன் டேங்க், இதுக்கெல்லாம் மாக்ஸிய பெரிசாக்குனா போதும், அதுக்காக தான் அத அனுப்புனாங்க.

ஆனா கிரகத்துக்கே வேணும்னா? பூமில மாதிரி மூச்சு விட 200 மில்லிபார் கிட்ட ஆக்சிஜன் வேணும். செவ்வாய்ல ஈர்ப்பு நம்மள்ல 38 சதவீதம் தான்ங்கிறதால ஒரு சிக்கல் இருக்கு, அதே அழுத்தம் வரணும்னா ஒரு சதுர மீட்டருக்கு நம்மள விட 2.6 மடங்கு காத்து அடுக்கணும், ஏன்னா அங்க காத்துக்கு வெயிட் கம்மி. கணக்கு போட்டா 7.8 கோடி கோடி டன் ஆக்சிஜன். அத தண்ணிய பிரிச்சு எடுத்தா, நஷ்டமே இல்லாம நடந்தாலும், இன்னைக்கு உலகம் மொத்தமும் ஒரு வருஷத்துல செலவு பண்ற எனர்ஜி மாதிரி 20,000 மடங்குக்கு மேல வேணும்.

பாசி வழினு பாத்தா எனர்ஜி சூரியன்லேருந்து ஃப்ரீயா வருது, டைம் தான் விலை. கிறிஸ் மெக்கே மாதிரி ஆளுங்க போட்ட கணக்குல சூடாக்குறதுக்கு 100 வருஷம்னா மூச்சு விடுற அளவு ஆக்சிஜனுக்கு 1,00,000 வருஷம். இதுல இன்னொரு பயங்கரமும் இருக்கு, கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு தடிப்பா இருந்தாலும் அதுல மூச்சு விட முடியாது, 10 மில்லிபார் தாண்டுனாலே நமக்கு தலைவலி, படபடப்பு ஆரம்பிச்சுரும். ஆக மொத கட்டத்துக்கு நீங்க சேக்குற வாயுவே ரெண்டாம் கட்டத்துக்கு விஷம். அத மாத்தியே ஆகணும்.


பயிர்க்காரன்

பாசி, செடின்னு பேச்சு வந்ததால உள்ள வரேன், நான் மண்ணு பக்கம் வேல பாக்குறவன், விண்வெளி ஆர்வம் மட்டும் தான். செடி நட்டா எல்லாம் சரியாயிரும்னு நினைக்கிறவங்க எல்லாரும் பயோஸ்பியர் 2 கதைய ஒரு தடவ முழுசா படிக்கணும்னு ஆசப்படுறேன், ஏன்னா நம்ம கைல இருக்குற ஒரே பெரிய பரிசோதனை அது தான்.

அமெரிக்கால அரிசோனா பாலைவனத்துல மூணு ஏக்கர் சொச்சத்துக்கு கண்ணாடிக் கட்டடம், உள்ள மழைக்காடு, சின்ன கடல், சதுப்பு நிலம், வயல் எல்லாம். 1991 செப்டம்பர் 26ல எட்டு பேர் உள்ள போய் கதவ சாத்திக்கிட்டாங்க, ரெண்டு வருஷம். வயல்ல நெல்லு, வாழை, சர்க்கரைவள்ளி எல்லாம் போட்டாங்க, சர்க்கரைவள்ளி தின்னு தின்னே சிலருக்கு தோல் ஆரஞ்சு கலராச்சு. உள்ள விட்ட மகரந்தம் பரப்புற பூச்சிங்க செத்துப்போச்சு, ஒரு வகை கறுப்பு எறும்பு மட்டும் கட்டடம் பூரா பரவிருச்சு.

ஆனா பெரிய அடி ஆக்சிஜன்ல விழுந்துச்சு. 20.9 சதவீதத்துல ஆரம்பிச்சது மெதுவா இறங்கி 16 மாசத்துல 14.5க்கு கீழ வந்துருச்சு, 4,000 மீட்டர் மலை மேல இருக்குற மாதிரி, ராத்திரி தூக்கம் வராம, ஒரு மாடி ஏறுனாலே மூச்சு வாங்கி, கடைசில 1993 ஜனவரில வெளிலேருந்து ஆக்சிஜன் ஏத்த வேண்டியதாச்சு. எங்க போச்சுன்னு தேடுனா, செடி நல்லா வளரணும்னு அவங்க போட்ட மண்ணுல மக்குற பொருள் ரொம்ப அதிகம், அத திங்கிற பாக்டீரியா ஆக்சிஜன இழுத்து கார்பன் டை ஆக்சைடு விட்டுச்சு. அப்ப கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கணும், அதுவும் பெரிசா ஏறல. அது எங்க போச்சுன்னா கட்டடத்தோட கான்கிரீட் சுவத்துக்குள்ள! சுவத்துல இருக்குற சுண்ணாம்பு அத உறிஞ்சி கால்சியம் கார்பனேட்டா மாத்தி வச்சுக்கிச்சு. சுவத்த தோண்டி எடுத்து பாத்து தான் கண்டுபிடிச்சாங்க. எத்தனையோ விஞ்ஞானிங்க திட்டம் போட்ட இடத்துல சுவரு காத்த குடிக்கும்னு யாரும் யோசிக்கல. மூணு ஏக்கர்ல இது. அதுவும் வெளில பூமி இருந்துச்சு, குழாய் போட்டு ஆக்சிஜன் விட முடிஞ்சுது.

செவ்வாய் மண்ணுக்கு வந்தா, 2008ல ஃபீனிக்ஸ் லேண்டர் வட துருவம் பக்கம் தோண்டி பாத்தப்ப பெர்குளோரேட் உப்பு அரை சதவீதம் அளவுல இருந்துச்சு. இது நம்ம தைராய்டுக்கு அயோடின் போறத தடுக்குற சாமான். நல்ல விஷயம் என்னன்னா தண்ணில நல்லா கரையும், உப்பு ஏறுன வயலுக்கு தண்ணி கட்டி வடிக்கிற மாதிரி அலசி எடுக்கலாம், அத திங்கிற பாக்டீரியாவும் உண்டு. ஆனா அதுக்கு திரவமா தண்ணி வேணும், திரவமா தண்ணி நிக்க பிரஷர் வேணும், மறுபடியும் மேல நாஞ்சில் சொன்ன எடத்துக்கே வந்து நிக்கிறோம்.

நைட்ரஜன் பத்தி யாருமே பேசல பாத்தீங்களா. நம்ம காத்துல 78 சதவீதம் நைட்ரஜன், பயிருக்கு அது தான் உசுரு. செவ்வாய் காத்துல 3 சதவீதம் கூட இல்ல, அதுவும் அந்த 6 மில்லிபார்ல 3 சதவீதம்! தனி ஆக்சிஜன வச்சு காத்து பண்ணா தீ பிடிக்கிற ஆபத்து வேற, அத அடக்க நைட்ரஜன் வேணும். என்ன கேட்டா கார்பன் டை ஆக்சைட விட இந்த பற்றாக்குறை தான் பெரிய முட்டுக்கட்டை.

2024ல சீனா ஆராய்ச்சியாளர்கள் ஒரு பாலைவனப் பாசி, சின்ட்ரிச்சியா கேனினெர்விஸ், மைனஸ் 80 டிகிரில 5 வருஷம் வச்சு எடுத்தாலும் திரும்ப துளிர்க்குது, செவ்வாய் மாதிரி ரூம்ல 7 நாள் வச்சும் பிழைக்குதுன்னு காட்டுனாங்க. அது அற்புதமான செடி, சந்தேகமே இல்ல. ஆனா பிழைக்கிறது வேற, வளர்றது வேற. அங்க அது காஞ்சு தூங்கிட்டு இருந்துச்சு, ஈரம் குடுத்து வெளில எடுத்தப்பறம் தான் துளிர்த்துச்சு. தூங்குற செடி ஆக்சிஜன் விடாது.


வெள்ளி_முளைச்சாச்சு

எல்லாரும் செவ்வாயையே கட்டிட்டு அழுறீங்க, வெள்ளிய ஏன் விட்டுட்டீங்க? இந்த ஐடியாவே ஆரம்பிச்சது அங்க தான். கார்ல் சேகன் 1961லயே சயின்ஸ்ல எழுதுன கட்டுரைல வெள்ளி மேகத்துல பாசி தூவி கார்பன் டை ஆக்சைட குறைக்கலாம்னு சொன்னார். அப்ப தரைல என்ன அழுத்தம்னு யாருக்கும் சரியா தெரியாது, அப்புறம் 1970ல சோவியத் விண்கலம் வெனரா 7 எல்லாம் இறங்கி பாத்தா அடுப்பு, 460 டிகிரி சொச்சம், 92 பார். ஐடியா அதோட போச்சு.

ஆனா தரைய மறந்துருங்க. 50லேருந்து 55 கிலோமீட்டர் உயரத்துல அழுத்தம் பூமி மாதிரியே ஒரு பார் பக்கம், சூடும் தாங்குற அளவு, ஈர்ப்பு 90 சதவீதம், மேல போதுமான காத்து இருக்குறதால கதிர்வீச்சும் கம்மி. நம்ம சாதாரண காத்தே அங்க மெதக்கும், ஏன்னா கார்பன் டை ஆக்சைட விட அது லேசு. நாசாலயே ஹேவாக்னு ஒரு ஸ்டடி பண்ணி ஆகாயக் கப்பல் டிசைன் போட்டாங்க. கந்தக அமில மேகம் இருக்கு, தெரியும், ஆனா அமிலத்துக்கு தாங்குற பிளாஸ்டிக் நம்ம கிட்ட இருக்கு, இல்லாத வாயுவுக்கு என்ன பண்றது?


தென்துருவம்

வெள்ளி மேகத்துல கூடாரம் போடலாம் ஒத்துக்குறேன், ஆனா அங்க இரும்புக்கும் மண்ணுக்கும் எங்க போவீங்க, கீழ 460 டிகிரில இறங்கி தோண்டுறதா? ஒரு போல்ட் உடைஞ்சா கூட பூமிலேருந்து வரணும். ஒரு இடத்துல குடியிருக்கணும்னா கையெட்டுற தூரத்துல தோண்டுறதுக்கு தரை வேணும். ஆய்வு நிலையத்துக்கு நல்ல எடம், ஊருக்கு சரிப்படாது.


ஆகாசம்

முடியுமா முடியாதான்னு மட்டுமே பேசிட்டு இருக்கோம், பண்ணலாமான்னு ஒருத்தரும் கேக்கல, அது எனக்கு கஷ்டமா இருக்கு.

2025 செப்டம்பர்ல நேச்சர்ல வந்த பேப்பர் பாத்திருப்பீங்க, பெர்சவரன்ஸ் ஒரு பழைய ஆத்துப் படுகைல செயாவா ஃபால்ஸ்னு ஒரு பாறைய துளைச்சுச்சு. சிறுத்தைப் புள்ளி மாதிரி புள்ளிங்க, ஓரத்துல விவியனைட்டு, கிரெய்கைட்டுன்னு ரெண்டு கனிமம், கூடவே ஆர்கானிக் கார்பன். பூமில இந்த மாதிரி சேந்து வர்றது பல சமயம் சேத்துல வாழுற நுண்ணுயிர் வேலையா இருக்கும். உயிர் தான்னு யாரும் முடிவா சொல்லல, வேதியியல் மட்டுமே கூட பண்ணியிருக்கலாம். துளைச்சு எடுத்த அந்தப் பாறைத் துண்ட ஒரு குழாய்ல அடைச்சு ரோவர் பத்திரமா வச்சிருக்கு, பூமிக்கு கொண்டு வந்து பாத்தா தான் தெரியும்.

இப்படி ஒரு கேள்வி தொங்கிட்டு இருக்கும்போது நாம பாசியையும் பாக்டீரியாவையும் கொண்டு போய் கிரகம் பூரா தூவுனா, அப்புறம் எது அங்கயே பொறந்தது எது நம்ம கொண்டு போனதுன்னு யாராலயும் எந்தக் காலத்துலயும் சொல்ல முடியாது. 1975ல வைக்கிங் லேண்டர்கள அனுப்பும்போது மொத்த கலத்தையும் சூட்டறைக்குள்ள வச்சு 110 டிகிரிக்கு மேல ஒரு நாளுக்கும் அதிகமா சூடாக்கி கிருமி கொன்னு அனுப்புனாங்க. அவ்வளவு பயந்து பயந்து போன எடம். 1967 விண்வெளி ஒப்பந்தத்தோட 9வது பிரிவு மத்த கோள்கள கெடுக்குற மாதிரி மாசுபடுத்தக்கூடாதுன்னு சொல்லுது. 400 கோடி வருஷமா எழுதி வச்ச ஒரு ஏட்ட படிக்கிறதுக்கு முன்னாடி அழிக்கிற வேல இது, என்னால இத ஏத்துக்க முடியல.


வேதி_மாணவி

ஆகாசம் அக்கா சொல்றதுல முக்கால்வாசி எனக்கு உடன்பாடு தான். ஆனா அங்க உயிரே இல்ல, எப்பவுமே இருந்ததில்லன்னு நல்லா தேடிப் பாத்து உறுதியாயிருச்சுன்னா? அப்பவும் அந்தக் கல்லுக்கும் மண்ணுக்கும் நாம ஒதுங்கி நிக்கணுமா? உயிர் இல்லாத இடத்துக்கு உயிர கொண்டு போறது நல்ல காரியம்னு தான் நான் நினைக்கிறேன். மெக்கே கூட அங்க உயிர் இருந்தா அதுக்கு தான் முதல் உரிமை, நாம அது செழிக்க உதவணும்னு எழுதியிருக்கார். தேடி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும், அதுல சந்தேகம் இல்ல.


ஆகாசம்

தேடி முடிச்சுட்டோம்னு எப்ப சொல்லுவ? 2024ல இன்சைட் லேண்டரோட நிலநடுக்க டேட்டாவ வச்சு 11லேருந்து 20 கிலோமீட்டர் ஆழத்துல பாறை விரிசல்ல திரவத் தண்ணி நிறைய இருக்கலாம்னு ஒரு பேப்பர் வந்துச்சு. பூமில நாம தோண்டுன ஆழமான துளையே 12 கிலோமீட்டர் சொச்சம் தான்மா. மேல் மண்ண கிளறிப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிற முடியாது.


இரவுப்பறவை

நான் ஒரு கேள்வி கேக்கப் போய் இவ்வளவு விஷயம் வந்துருச்சு, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்ப கிரகம் முழுக்க மாத்துறது இப்போதைக்கு ஆகாது. நடுவுல ஏதாவது வழி இருக்கா? இந்தப் பக்கம் டின்னுக்குள்ள அடைஞ்சு கெடக்குறது, அந்தப் பக்கம் ஒரு லட்சம் வருஷம், ரெண்டுக்கும் இடைல?


நாஞ்சில்_வானம்

இருக்கு சகோ, எனக்கு நம்பிக்கை இருக்குறதே அங்க தான். 2019ல ராபின் வேர்ட்ஸ்வொர்த், லாரா கெர்பர், சார்லஸ் காக்கெல் மூணு பேரும் சிலிக்கா ஏரோஜெல் வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ஏரோஜெல்ங்கிறது 97 சதவீதத்துக்கு மேல காத்தா இருக்குற திடப்பொருள், ரோவர்ல குளிருக்கு கவசமா ஏற்கனவே வைக்கிறது தான். அத 2, 3 சென்டிமீட்டர் தடிப்புக்கு விரிச்சு மேல செவ்வாய்ல விழுற அளவு வெளிச்சம் விட்டா அடில 50 டிகிரி வரைக்கும் சூடு ஏறுது, செடிக்கு வேண்டிய வெளிச்சம் உள்ள வருது, ஆபத்தான புறஊதாக் கதிர் அங்கயே நின்னுருது. மெஷின் இல்ல, கரண்ட் இல்ல. பனி தரைக்கு கொஞ்சம் கீழயே இருக்குற எடமா பாத்து விரிச்சா அடில பனி உருகும். கைட் டீமோட கம்பிய ஊதுறத நிறுத்துனா சில வருஷத்துல கிரகம் பழையபடி குளிர்ந்துரும், இதுல அந்தக் கவலை கூட இல்ல, விரிச்ச எடம் மட்டும் சூடா இருக்கும். ஆகாசம் மேடம் கவலைக்கும் இது ஓரளவு பதில், ஒரு ஏக்கர்ல பண்ணா மத்த எடம் அப்படியே இருக்கும், நுண்ணுயிர் வெளில போகாம பாத்துக்கணும், அது கஷ்டமான வேல தான்.

பிரஷருக்கும் அதே டீம் வழி தேடுது. 2025ல வேர்ட்ஸ்வொர்த் குழு இன்னொரு பேப்பர் போட்டுச்சு, பாலிலாக்டிக் ஆசிட்னு செடிலேருந்து எடுக்குற பிளாஸ்டிக்ல 3டி பிரின்ட் பண்ண ஒரு சின்ன அறை, சுவரு ஒரு மில்லிமீட்டர் தடிப்பு, வெளில செவ்வாய் மாதிரியே 6 மில்லிபார் கார்பன் டை ஆக்சைடு. உள்ள டுனாலியெல்லா டெர்டியோலெக்டாங்கிற பச்சைப் பாசிய தண்ணியோட விட்டாங்க. சுவரு புறஊதாக் கதிர தடுத்துச்சு, தண்ணி ஆவியா போகாம நின்னுச்சு, பாசி வளந்து ஒளிச்சேர்க்கை பண்ணுச்சு. பயிர்க்காரன் மேல கேட்டாரே, பிழைக்கிறது வேற வளர்றது வேறன்னு, இது வளந்துச்சு. அடுத்ததா அவங்க பாக்குறது அந்தப் பாசிலேருந்தே அதே பிளாஸ்டிக்க எடுத்து பக்கத்து அறைக்கு சுவரு கட்ட முடியுமான்னு.


பயிர்க்காரன்

இது எனக்கு புதுசு, நன்றிங்க. அந்தப் பாசிக்கு நைட்ரஜன் எங்கேருந்து குடுத்தாங்கன்னு பேப்பர்ல தேடிப் பாக்குறேன். தண்ணியோட கலந்து இங்கேருந்து குடுத்த சத்தா இருந்தா, அடுத்த அறை கட்டுறதுக்கு முன்னாடி அவங்க தீர்க்க வேண்டியது அது தான். பாத்துட்டு இங்கயே போடுறேன்.